கொக்கியில் இல்லாத பாரம்

பிள்ளைகளா,

டிரெய்லரின் மூக்கில், கொக்கியில் மாட்டுகிற முன்முனையில், எவ்வளவு பாரம் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். கனமான சாமானைச் சக்கர அச்சுக்கு மேலே வை, அதிலும் ஒரு பிடி முன்னால் தள்ளி வை, கொக்கியில் மாட்டத் தூக்கும்போது கைக்குக் கனம் தெரிய வேண்டும். அவ்வளவுதான். இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது உங்கள் மூன்று பேரில் பெரியவனும் சின்னவனும் எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் ஓட்டுகிறீர்கள். உங்களோடு ஓட்டும் மற்ற டிரைவர்களும் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்து ஜீப்புகளும் டிரெய்லர்களும் ஏலத்தில் போய்க்கொண்டிருந்த காலம் அது. நானும் பட்டாளத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பியவன். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்பெனி யார்டில் டெம்பரவரி டிரைவராகச் சேர்ந்தேன். எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைக்கு நிலம் அளக்கும் வேலையை அந்தக் கம்பெனி எடுத்திருந்தது. அளக்கப் போகிற என்ஜினீயருக்கு அங்கே தங்க இடமில்லை. உப்பளமும் சவுக்கும் மணலும்தான். அதனால் இரண்டு சக்கரப் பட்டாளத்து டிரெய்லர் ஒன்றின் மேல் பலகையால் சுவர் எழுப்பி, தகரக் கூரை போட்டு, உள்ளே கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் வைத்து ஒரு வீடு செய்தார்கள். மேனேஜர் அதைக் காரவான் என்பார். யார்டில் நாங்கள் சக்கர வூடு என்போம்.

அதை ஜீப்பில் மாட்டி எண்ணூர் வரைக்கும் இழுத்துப் போகும் வேலை எனக்கு வந்தது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் பெர்மனென்ட் பண்ணிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். உங்கள் அம்மா அப்போது பெரியவனைச் சுமந்துகொண்டிருந்தாள்.

ஏற்றுக்கூலி ஆள் ஒருவர் என்னோடு வந்தார். பெயர் ஏகாம்பரம். வியாசர்பாடிக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். யார்டுக்கு வருவதற்கு முன்னால் பத்து வருஷம் வண்ணாரப்பேட்டையில் ஜவுளி மூட்டை ஏற்றிக் கைவண்டி இழுத்தவர். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. யாரையும் சும்மா விடமாட்டார். ஆனால் கயிறு போட்டுக் கட்டினால் அந்தக் கட்டு அவிழாது.

புறப்படுகிற அன்று காலையில் சக்கர வீட்டின் முன்தண்டைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கொக்கியில் மாட்டினதும் ஜீப்பின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்தது, முன்சக்கரம் லேசாகிவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வெறும் தண்ணீரில் கையை விட்ட மாதிரி இருந்தது. காரணம் தெரிந்துதான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியை முன்பக்கச் சுவரோடு வைத்து, அதில் வாய் வரைக்கும் தண்ணீர் ரொப்பியிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே நிலம் அளக்கிற சங்கிலி, இரும்பு முளைகள், சம்மட்டி எல்லாம் அடங்கின பெரிய மரப்பெட்டி.

மூக்கில் பாரம் அளவுக்கு மேலே இருந்தது. அதைக் குறைக்க வேண்டும் என்று நான் நினைத்ததும் சரிதான். அந்த மட்டும் நான் தப்புப் பண்ணவில்லை.

ஏகாம்பரம் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, தண்ணீரைத் திறந்துவிடுவது. என்ஜினீயர் அதற்கு ஒப்பவில்லை. எண்ணூர்த் தண்ணீர் உப்பு, தனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது என்றார். இரண்டாவது, மரப்பெட்டியை நடுவில், அச்சுக்கு நேர் மேலே வைப்பது. அங்கே கட்டில் இருந்தது. அதன் திருகுகளைக் கழற்றி, கட்டிலைச் சாய்த்து வைத்து, பெட்டியை இறக்கிக் கட்ட அரை மணி நேரம் ஆகும்.

எனக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க மனசு வரவில்லை. என்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதோடு, எனக்கு வேறு ஒரு நியாயமும் கைவசம் இருந்தது. உங்கள் தாத்தா துறைமுகத்தில் இரட்டை மாட்டு வண்டி ஓட்டினவர். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து புண்ணாகும், பின்பாரம் ஏறினால் கழுத்துக் கயிறு இறுகும், பாரம் ஏற்றி முடித்ததும் நுகத்தடியை இரண்டு விரலால் தூக்க முடிய வேண்டும், அதுதான் நல்ல வண்டிக்காரன் ஏற்றின பாரம் என்று அவர் சொல்வார். அவர் ஏற்றின வண்டியை நானே இரண்டு விரலால் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஜீப்பும் எனக்கு அப்படி ஒரு மாடுதான். அதன் கழுத்தை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அதனால் பெட்டியைத் தூக்கிக் கடைசியில், பின்சுவரோடு வைக்கச் சொன்னேன். வைத்த பிறகு முன்தண்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் சபாஷ் என்றார்கள். ஏகாம்பரம் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"இன்னா டைவரே, மூக்கு பஞ்சு மாதிரி தூக்கிகினு வருது. இது வாலை ஆட்டும்பா" என்றார்.

வண்டிக்காரன் பிள்ளைக்கே பாரம் ஏற்றச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வேன்.

"உங்க நைனாவோட மாடு வாய் தொறந்து சொல்லிச்சா? நான் மாடா இருந்தவன்பா. கைவண்டியில பின்பாரம் ஏறிப்போச்சுன்னு வையி, பேசின் பிரிட்ஜு இறக்கத்துல அது என்னையே அந்தரத்துல தூக்கிகினு போவும். காலு தரையில இல்லாதவன் வண்டிய எங்க நிறுத்தறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, அப்படியானால் நீயே ஜீப்பை இழுத்துக்கொண்டு வா என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஏகாம்பரம் கயிற்றை எடுத்தார். பெட்டியை நான் சொன்ன இடத்திலேயே வைத்துக் கட்டினார். ஜீப்பின் பின்பக்கம் முழுக்க என்ஜினீயருடைய டிரங்குப் பெட்டிகள். ஆள் உட்கார இடமில்லை. சாமான் உருளாமல் பார்த்துக்கொள்ள உள்ளேயே உட்கார்ந்து வருகிறேன் என்றார். சரி என்றேன். ஓடுகிற சக்கர வீட்டுக்குள்ளே ஆள் உட்காரக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் இப்போது சட்டம் மாதிரி சொல்கிறேனே, அன்றைக்கு நான்தான் சரி என்றவன்.

ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் ரோடு நெரிசல். கட்டை வண்டி, சைக்கிள், மீன்கூடைக்காரிகள். வேகம் போக முடியாது. அதனால் ஒன்றும் தெரியவில்லை. தண்டையார்பேட்டை தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும், என் இடுப்புக்குக் கீழே ஏதோ அசைந்தது. யாரோ பின்னால் நின்று ஜீப்பின் வாலைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக அசைத்துப் பார்க்கிற மாதிரி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், நின்றுவிட்டது.

பிள்ளைகளா, இதை நான் மறைக்கப்போவதில்லை. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி ஆடுகிறது, ஏன் ஆடுகிறது என்று பிரித்துச் சொல்ல அப்போது தெரியாது. ஏகாம்பரம் சொன்னது நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

திருவொற்றியூரில் என்ஜினீயர் சோடா குடிக்க நிறுத்தச் சொன்னார். ஏகாம்பரம் பின்னாலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. உள்ளே தொட்டில் மாதிரி ஆடுகிறது, இங்கேயே நிறுத்திப் பெட்டியை மாற்றிவிடலாம், கட்டிலைத் தான் ஒருத்தனே கழற்றிவிடுவதாகச் சொன்னார். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். என்ஜினீயர் சோடாப் பாட்டிலோடு நின்று, என்ன விஷயம் என்று என்னைப் பார்த்தார்.

ஒன்றுமில்லை சார், ரோடு சரியில்லை என்றேன்.

அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொன்ன பொய் இல்லை அது. காலையில் அத்தனை பேர் எதிரில் இரண்டு விரலால் தூக்கிக் காட்டிவிட்டு, நடுரோட்டில் அதே பெட்டியை இறக்கி வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏகாம்பரம் போய்ச் சக்கர வீட்டின் கதவைத் திறந்தார். "நீ ஓட்டற, நான் உள்ள குந்திகினு கீறேன். பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறிக்கொண்டார்.

திருவொற்றியூர் தாண்டினால் ரோடு நீளமாக நேராகக் கிடக்கும். வெயிலுக்கு முன்னால் போய்விடலாமே என்றார் என்ஜினீயர். நான் வேகம் எடுத்தேன். ஒரு சின்ன மேடு ஏறி இறங்குகிற இடத்தில், எதிரே உப்பு மூட்டை ஏற்றின லாரி ஒன்று சீறிக்கொண்டு போனது. அதன் காற்று சக்கர வீட்டின் பலகைச் சுவரில் அறைந்தது. ஆட்டம் தொடங்கியது. இந்த முறை நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக வந்தது. முன்னால் தண்ணீர்த் தொட்டி, பின்னால் இரும்புச் சாமான் அடைத்த பெட்டி. இரண்டு முனையிலும் கல்லைக் கட்டிச் சுழற்றின கம்பு மாதிரி. மூக்கில் பாரம் இல்லாததால் அது ஜீப்பின் பின்சக்கரங்களையே தூக்கித் தூக்கிப் பக்கவாட்டில் வீசியது.

நான் பிரேக்கை மிதித்தேன். அப்போது செய்யக் கூடாதது அது ஒன்றுதான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அதுவே வேகம் குறையட்டும் என்று பொறுத்திருக்க வேண்டும். பயந்தவனுக்குப் பொறுமை எங்கே வரும். ஜீப் நின்றது, பின்னால் வந்தது நிற்கவில்லை. மடங்கிக்கொண்டு வந்து, கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு, ரோட்டோரத்து மணலில் பக்கவாட்டில் சாய்ந்தது. பலகை உடைகிற சத்தமும் தொட்டித் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் கேட்டன. ஏகாம்பரத்தின் சத்தம் கேட்கவில்லை.

கதவைப் பிளந்து அவரை வெளியே எடுத்தோம். உயிர் இருந்தது. மரப்பெட்டி கட்டோடு அப்படியே இருந்தது. அவர் போட்ட கட்டு அவிழவில்லை. சுவரே பெயர்ந்து, பெட்டியோடு அவர் இடது கையின் மேல் விழுந்திருந்தது. மணிக்கட்டு நொறுங்கிப்போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோகும்போது என் மடியில்தான் தலை வைத்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என்ஜினீயரும் இருந்தார். மூக்குக் கண்ணாடி உடைந்ததைத் தவிர அவருக்கு ஒன்றும் இல்லை. பின்பாரம் ஏறினதால்தான் வண்டி சாய்ந்தது என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். மேனேஜர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:

"பெட்டியைப் பின்னால ஏத்தினது யாரு?"

"ஏத்தினது ஏகாம்பரம் சார்" என்றேன்.

அந்த வார்த்தையில் பொய் இல்லை. ஏற்றினது அவர் கைதான். அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. என்ஜினீயருக்கு உண்மை தெரியுமா என்று கேட்பீர்கள். தண்ணீர்ப் பேச்சோடு சரி, பெட்டியைப் பற்றி நாங்கள் பேசினதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காலையில் அங்கே நின்று சிரித்த ஆட்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மேனேஜர் எழுதிக்கொண்டார். கவனக்குறைவு என்று காரணம் போட்டு ஏகாம்பரத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே அந்தக் கடிதம் அவருக்குப் போய்விட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். பெர்மனென்ட் ஆனதும் சொல்லலாம் என்று வைத்தேன். ஆனது. குழந்தை பிறக்கட்டும் என்று வைத்தேன். பிறந்தது. அப்புறம் வைப்பதற்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. சும்மாவே இருந்தேன். நாலு மாசம் போய்விட்டது.

அதற்குள் சக்கர வீட்டை மறுபடியும் கட்டி முடித்துவிட்டார்கள். மறுபடியும் என்னையே இழுத்துப் போகச் சொன்னார்கள். ஏகாம்பரத்தின் இடத்தில் வந்த புது ஆள், பாரத்தை எப்படி ஏற்றட்டும் என்று என்னைக் கேட்டார். கட்டிலைக் கழற்றச் சொன்னேன். பெட்டியை அச்சுக்கு மேலே வைத்தோம், ஒரு பிடி முன்னால். தொட்டியில் கால் பங்குதான் தண்ணீர், என்ஜினீயரும் இந்த முறை மறுக்கவில்லை. இரண்டு பேர் தூக்கினால் மூச்சு வாங்குகிற அளவுக்குக் கொக்கியில் கனம். எல்லாம் ஏகாம்பரம் சொன்ன மாதிரி.

புது ஆள் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ அந்த வியாசர்பாடி ஆளு பின்னால ஏத்தினான்னு சொல்றாங்களே, அவனுக்கு இது தெரியாதாண்ணே?"

தெரியாது என்றேன்.

முதலில் சொன்னது பயத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். இது? யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு கூலிக்காரர் சும்மா கேட்டார், நான் சும்மா சொன்னேன். நாலு மாசமாக வாயை மூடிக்கொண்டிருந்தவன், அன்றைக்கு வாயைத் திறந்து ஏகாம்பரத்தின் தொழிலையே அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அன்று வண்டி எண்ணூர் வரைக்கும் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. எதிரே எத்தனை லாரி போனாலும் அசையவில்லை. என்ஜினீயர் என் முதுகில் தட்டி, இப்போது கற்றுக்கொண்டுவிட்டாய் என்றார். அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இடது கை வளைந்து கூடியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"இன்னா பெர்மனென்ட்டு, இம்மாந்தூரம்?" என்றார்.

நான் என்னென்னவோ பேசினேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத நீயே வெச்சிக்க. எனக்கு எதுக்கு அது? அங்க போயி சொல்லு. மேனேஜர் கையில சொல்லு. யார்டுல அன்னிக்கு சிரிச்சானுங்களே, அவனுங்க காதுல உழறா மாதிரி சொல்லு. பாரம் ஏத்தத் தெரியாதவன்னு எம்பேர்ல எழுதி வெச்சிருக்கானுங்க. அத வெச்சிகினு நான் எந்த யார்டு வாசல்ல போயி நிக்கறது?"

அவர் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர்களுக்கு ஒரு பெண் உண்டு, அவள் எங்கே என்று பேச்சுக்குக் கேட்டேன். மண்டிக்குப் போயிருக்கிறாள் என்றாள். ஏதோ வாங்கப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் யார்டில் நின்றுகொண்டிருந்தபோது, ஆட்கள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். பெட்டியைப் பின்னால் வைக்கச் சொன்னது நான், ஏகாம்பரம் வேண்டாம் என்றார், திருவொற்றியூரில் மறுபடியும் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றேன். மேனேஜர் கோபப்பட்டுக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"நாலு மாசமா இது உனக்கு ஞாபகம் வரலியா?"

என்னை மறுபடியும் டெம்பரவரியாகப் போட்டார்கள். ஒரு வருஷம் ஜீப்பைத் தொடக் கூடாது என்றார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஏகாம்பரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கையால் தூக்க முடியாது என்பதால், ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரியாகப் போட்டார்கள். அதுவரைக்கும் அந்த யார்டில், பாரம் எங்கே வைப்பது என்பதில் டிரைவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு மேஸ்திரி தலையசைக்காமல் ஒரு வண்டியும் நகரவில்லை. உங்கள் கம்பெனியில் எப்படியோ தெரியாது. ஏற்றுகிறவர் வேண்டாம் என்று சொன்னால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாரத்தைத் தொட்டுத் தூக்கினவர் அவர், நீங்கள் பார்த்தவர் மட்டும்தான்.

அவர் வேலைக்கு வந்த முதல் நாள் எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. செய்த தப்பைத் திருத்திவிட்டேன் என்றுகூட நினைத்தேன். சாப்பாட்டு வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெண் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று கேட்டேன். அவர் ஒரு கையால் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டுச் சொன்னார். ஏழாவது படித்துக்கொண்டிருந்தாளாம். வேலை போன மாசமே படிப்பை நிறுத்தி, வண்ணாரப்பேட்டையில் வேர்க்கடலை மண்டியில் பருப்புப் பொறுக்க விட்டிருக்கிறார்கள். வீட்டில் உலை வைக்க வேறு வழி இருக்கவில்லை.

இனிமேல் அனுப்பிவிடலாமே என்றேன்.

"நான் சொல்லாம இருப்பேனா டைவரே? அவதான் வரமாட்டேன்றா. கூடப் படிச்சதுங்க மேல போயிடுச்சாம், சின்னதுங்களோட குந்த வெக்கமாம்" என்றார். "நீ ரெண்டு மாசம் முன்னால வந்திருந்தா போயிருப்பா."

திட்டுகிற குரல் இல்லை. நேரத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதே யார்டில் சேர்ந்து வேலை செய்தோம். அவர் அந்தப் பேச்சை மறுபடியும் எடுக்கவே இல்லை.

நீங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் முடித்தீர்கள். ஒவ்வொருவரும் பரீட்சை பாஸாகி வந்து என் காலில் விழுந்தபோது, நான் ஏன் உடனே ஆசீர்வாதம் செய்யாமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன் என்று உங்கள் அம்மா கேட்பாள். அவளிடமும் சொன்னதில்லை. ஏகாம்பரத்தின் பெண் பெயர் சரோஜா. கணக்கு நன்றாகப் போடுவாளாம்.